மூன்று குரல்கள்

ஊரை விட்டு வந்து குடியேறிய நம்மவர் வீட்டுப் பரண்களில், எறிவதற்கு மனம் வராத பொருள் ஏதேனும் ஒன்று கிடக்கும். சிலர் வீட்டில் அது பித்தளை அண்டா. சிலர் வீட்டில் பாட்டியின் சுருதிப் பெட்டி. நம் வீட்டுப் பரணில் கிடப்பது ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. இலக்கிய மலரில் இதற்கென்ன இடம் என்று அன்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

1992ஆம் ஆண்டு தீபாவளி போனஸில், தில்லி பாலிகா பஜாரிலிருந்து அப்பா அதை வாங்கி வந்தார். நமக்கு அப்போது 12 வயது, தம்பிக்கு ஒன்பது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல் அது. அதில் செருகும் ஆட்டப் பேழையைப் பிள்ளைகள் எல்லோரும் கேசட் என்றே அழைத்தோம். உள்ளே நாடாவும் இல்லை, சுழலும் சக்கரமும் இல்லை. ஆயினும் ஒரு கேசட்டைச் செருகினால் காடு வரும். இன்னொன்றைச் செருகினால் கடல் வரும். பெட்டியோ ஒன்றே. அப்படியானால் மாயம் கேசட்டுக்குள் அல்லவா இருக்க வேண்டும்?

அந்த ஐயம் நம்மைச் சும்மா இருக்க விடவில்லை. குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டில் இருந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பையனிடம் ஒரு கேசட்டை இரவல் வாங்கி வந்து, அப்பா அலுவலகம் சென்ற வேளையில் திருப்புளியால் திறந்தோம். உள்ளே ஒரு சிறு பச்சைப் பலகை. அதன் நடுவில் தார்த்துளி போலக் கறுப்பாக உறைந்த ஒரு பொட்டு. அவ்வளவுதான். பொட்டின் அடியில் என்ன இருக்கிறது என்று கத்தி முனையால் சுரண்டினோம். பிறகு மூடி, ஒன்றும் அறியாதவர் போலத் திருப்பிக் கொடுத்தோம். அது மீண்டும் ஓடவில்லை.

மாலையில் பையனின் தாயார் நம் வாசலில் வந்து நின்றார். நாம் கதவின் பின்னே ஒளிந்துகொண்டோம். அம்மாதான் வெளியே சென்றார். காய்கறிச் சந்தையில் கற்ற இந்தி அது. ஆண்பால் பெண்பால் எல்லாம் தடுமாறும். அந்த இந்தியிலேயே, "பெஹன்ஜி, தவறு எங்களுடையது" என்று தொடங்கி, புதிய கேசட் வாங்கித் தருவதாகச் சொல்லி, ஒரு தட்டு முறுக்கையும் கொடுத்து அனுப்பினார். அடுத்த சம்பளத்தில் கேசட் வந்தது. அப்பாவுக்கு மாற்ற வேண்டியிருந்த மூக்குக் கண்ணாடி வரவில்லை.

அந்தப் பொட்டின் அடியில் என்ன இருந்திருக்கும் என்பதை நடுவயதில்தான் படித்து அறிந்தோம். ஆட்டத்தைப் பதிந்து வைத்த நினைவகம் எல்லாக் கேசட்டிலும் உண்டு. ஆனால் பலவற்றில் அதற்கு மேலும் ஒரு சில்லு இருந்தது. பெட்டிக்கு இயலாததை இயலச் செய்வதற்கென்றே கேசட்டுக்குள் வைத்து அனுப்பிய துணைச் சில்லு.

நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது எளிதில் விளங்கும். ஃபேமிகாமின் மேசையில் ஒரே நேரத்தில் 32 கிலோபைட் அளவு ஆட்ட நிரலை மட்டுமே விரிக்க முடியும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், படங்களுக்குரிய 8 கிலோபைட்டையும் சேர்த்து, 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. 1988இல் வந்த அதன் மூன்றாம் பாகமோ 384 கிலோபைட். அத்தனை கோப்புகளையும் மேசையில் குவிக்க இயலாது. எனவே கேசட்டுக்குள் ஒரு தஃப்தரியை நியமித்தார்கள். வேண்டிய கட்டை ஆவண அறையிலிருந்து எடுத்து வைப்பதும், முடிந்ததை அகற்றுவதும் அச்சில்லின் வேலை. மேசை பெரிதாகவில்லை, வேலை பெரிதாயிற்று.

இந்த உத்தி ஜப்பானில் பிறந்ததும் அன்று. அமெரிக்காவில் 1977இல் வந்த அட்டாரி 2600 பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். அதற்கென டேவிட் கிரேன் 1984இல் உருவாக்கிய பிட்ஃபால் 2 என்ற ஆட்டத்தின் கேசட்டில், படத்துக்கும் இசைக்கும் கைகொடுக்க ஒரு தனிச் சில்லு இருந்தது. பின்னர் நிண்டெண்டோவின் அடுத்த பெட்டிக்கு, பிரிட்டனின் ஆர்கோனாட் நிறுவனத்தார் சூப்பர் எஃப்எக்ஸ் என்ற சில்லை அமைத்துக் கொடுத்தனர். 1993இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் ஆட்டத்தில் விண்கலங்கள் முப்பரிமாணத்தில் பறந்தது அதனால்தான். பெட்டியை மலிவாக விற்றுவிட்டு, கூடுதல் ஆற்றல் தேவைப்படும் ஆட்டம் மட்டும் தன் செலவைத் தானே சுமந்து வரட்டும் என்பது வணிகக் கணக்கு. அச்சுமை சில வேளை கனத்தது. 1994இல் சேகா நிறுவனம் இவ்வாறு சில்லு வைத்து வெளியிட்ட விர்ச்சுவா ரேசிங் ஆட்டம் அமெரிக்காவில் 100 டாலருக்கு விற்றது. அந்தச் சில்லு வேறெந்த ஆட்டத்திலும் இடம்பெறவில்லை.

இவற்றுள் நம் நெஞ்சைத் தைத்தது வேறொன்று. 1989இல் ஜப்பானில் கொனாமி நிறுவனம் அகுமாஜோ டென்செட்சு என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஃபேமிகாமுக்கு இயல்பாக ஐந்து குரல்கள். இந்தக் கேசட்டிலிருந்த சில்லு மேலும் மூன்று குரல்களைக் கொண்டுவந்தது. ஒரு கோப்பு அடுத்த மேசைக்குப் போய்க் குறிப்பு எழுதப்பெற்றுத் திரும்புவதுபோல, ஃபேமிகாமின் ஒலி கேசட்டுக்குள் சென்று, அம்மூன்று குரல்களோடு கலந்து திரும்பும். அதற்கென வழி இருந்தது. அமெரிக்காவில் விற்ற பெட்டியின் கேசட் வாயிலில் அவ்வழி இல்லை. ஆகவே 1990இல் அங்கே சென்றபோது, அதே ஆட்டத்தில் வேறு சில்லை வைத்து, பாட்டையும் இருக்கும் குரல்களுக்குள் சுருக்கிவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். அதே மெட்டுதான். குறை சொல்ல முடியாது. முதலாவதைக் கேளாதவருக்கு எதையோ இழந்தோம் என்பதே தெரியாது.

ஈராண்டுகளுக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் திரும்பின. இந்தி மட்டும் திரும்பவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் சந்தையிலும் பேருந்திலும் மருந்தகத்திலும் குடும்பத்தைக் காத்த இந்தி, அன்று வாசலில் நம்மைக் காத்த இந்தி, துடைத்தது போலப் போய்விட்டது. மருத்துவர் இந்தியில் கேட்பார். அம்மா கும்பகோணத்துத் தமிழில் விடை சொல்வார். கட்டிலருகே நின்ற நம் மகள், பாட்டி சொன்னதில் பாதி புரியாமல் நம் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு நம்மிடம் விடையில்லை. பள்ளியில் பின்தங்குவாளோ என்று அஞ்சி, வீட்டிலும் அவளோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசியது நாம்தான். தமிழ் வகுப்புக்கு அனுப்பச் சொல்லி அம்மா கேட்டபோதெல்லாம், ஞாயிறு ஒருநாள்தானே ஓய்வு என்று தட்டிக் கழித்ததும் நாம்தான். அம்மா கொண்டுவந்த குரல்கள் அம்மாவிடம் அப்படியே இருந்தன. ஒலி போய்த் திரும்பும் வழியைத்தான் வீட்டில் நாம் அமைக்கவில்லை.

இப்போது மகள் ஞாயிறுதோறும் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு வருகிறாள். விருப்பத்தோடு வருகிறாள் என்று சொன்னால் பொய்யாகும். பதினொரு வயதில் மற்றப் பிள்ளைகள் பூங்காவில் ஆடும்போது எழுத்துக்கூட்டிப் படிப்பது சுமைதான். மூன்று சுழி 'ண'வோடு அவளுக்கு நித்தமும் போர்.

சென்ற மாதம் ஒரு நாள் பிற்பகல் அம்மா அவளிடம், "வெயில் தாழ மாடிக்குப் போகலாம்டி" என்றார். மகள் நம்மிடம் ஓடிவந்து, "அப்பா, வெயிலுக்குத் தாழ்ப்பாள் உண்டா?" என்று கேட்டாள். வகுப்பில் அந்த வாரம்தான் தாழ்ப்பாள் என்ற சொல்லைப் படித்திருக்கிறாள். நமக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. விடையை நாம் சொல்லவில்லை. "பாட்டியையே கேள்" என்று அனுப்பிவிட்டோம்.

மாலையில் மாடிக்குச் சென்று பார்த்தபோது, இருவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அமர்ந்திருந்தார்கள். அம்மா மேற்கே கை காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் இடையிடையே இந்தியில் கேட்டாள். அம்மா தமிழிலேயே சொன்னார். எவ்வளவு புரிந்ததோ, நாம் அறியோம். நாம் குறுக்கே போகாமல், வெயில் முழுதும் தாழும்வரை படியிலேயே நின்றோம்.