பூசைக்கு முந்தின நாள்

ஆயுத பூசை என்றால் பொரி, கடலை, வாழைக்கன்று, திருஷ்டிப் பூசணி என்றுதான் பலருக்கும் நினைவு வரும். கொல்லுப்பட்டறைக்காரனுக்கு அது முந்தின நாளிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிற பண்டிகை. உலையை அணைத்து, சாம்பலை அடிவரைக்கும் அள்ளி, ஒவ்வொரு குறடாக, ஒவ்வொரு உளியாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாள் வருசத்தில் அது ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் கண் காய்கிற இரும்பின் மேலேயே இருக்கும். கருவியைக் கைதான் துழாவி எடுக்கும், கண் பார்க்காது.

எங்கள் ஊர் வீரசோழன் பக்கம் வெள்ளாமை வானம் பார்த்தது. திருச்சுழி, நரிக்குடி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் புரட்டாசியில் நிலத்தைத் தயார் செய்து வைத்து, மழையைப் பார்த்து விதைப்பார்கள். பூசையும் அந்தச் சமயத்தில்தான் வரும். 2024-இல் அக்டோபர் 11, 2025-இல் அக்டோபர் 1. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருக்கிற நேரம். அதனால் அதற்கு முந்தின பத்து நாளும் பட்டறையில் நிற்க இடமிருக்காது. மண்வெட்டியைக் காய்ச்சித் தட்ட வேண்டும், களைக்கொத்திக்குப் பிடி போட வேண்டும், ஒன்பது கொத்துக் கலப்பையின் தேய்ந்த கொழுவைச் சரிபார்க்க வேண்டும். சாமிக்கு வைக்கிறது மழுங்கிக் கிடக்கக் கூடாது என்று கொண்டுவருகிறவர்களும் உண்டு, மழை இறங்கியபின் ஓடிவந்து பலனில்லை என்று கொண்டுவருகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நாள் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது.

வரலாறு படித்தவர்கள் இந்தப் பூசையை அரசர்களின் விழா என்பார்கள். ஹம்பியில் மகாநவமி மேடை இன்றும் நிற்கிறது. ராமநாதபுரம் சேதுபதிகள் அரண்மனை ராஜராஜேஸ்வரி அம்மனுக்கு எடுத்த நவராத்திரி பேர்பெற்றது. 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை நாங்களும் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள்தான், அந்தச் சீமை வழக்கம் எங்களுக்கு அந்நியமில்லை. ஆனால் அரசன் வாளுக்குப் பூப் போட்ட அன்றைக்கு, அந்த வாளை அடித்தவனும் தன் சம்மட்டிக்கு ஒரு பூ வைத்திருப்பான் என்றே நான் நம்புகிறேன்.

முந்தின நாள் வேலையைச் சொல்கிறேன். முதலில் பட்டடை. தூசி தட்டி, சின்னச் சுத்தியலால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தட்டிக்கொண்டே போவேன். நல்ல பட்டடை ‘ணங்’கென்று பேசும். எங்கேயாவது சத்தம் செத்து விழுந்தால் அந்த இடத்தில் விரிசலைத் தேட வேண்டும். அடுத்தது உளிகள். அடி வாங்கி வாங்கித் தலை விரிந்து, ஓரத்தில் பிசிறு கட்டியிருக்கும். அந்தப் பிசிறு ஒருநாள் தெறித்தால் போவது கண். சாணையில் கொடுத்து அதை எடுத்துவிட்டு, தலையின் ஓரத்தைச் சரித்துவிட வேண்டும். சம்மட்டிக் காம்பு ஆடினால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்கிக்கொள்கிறவர்கள் அதிகம். ஊறின மரம் இறுகும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, நாட்டுக் கருவேலில் புதுக் காம்பு செதுக்கி ஆப்பு அடிப்பதுதான் வேலை. சாணைக்கல்லைக் கழற்றித் தொங்கவிட்டு, மரக்கட்டையால் தட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் பேச வேண்டும். கீறல் விட்ட கல் ஓடுகிற வேகத்தில் உடைந்து பறந்தால் எதிரே நிற்கிறவன் தப்ப முடியாது.

பொட்டு வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கழுவித் துடைத்த இரும்பில் நேராகச் சந்தனத்தைக் குழைத்து அப்பினால், மறுநாள் பொட்டுக்கு அடியில் வட்டமாகத் துரு பூத்திருக்கும். ஈரம் இரும்பைத் தின்ன ஒரு ராத்திரி போதும். எங்கள் பட்டறையில் முதலில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு, அதன் மேல்தான் சந்தனமும் குங்குமமும். “சாமிக்கு வைக்கிற பொட்டு ஆயுதத்தைக் கெடுக்கக் கூடாதுடா” என்று அப்பா சொல்வார்.

விஜயதசமி அன்று உலை மூட்டி, சின்னதாக ஒரு அருவாளாவது அடித்து எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். லாரி வில்பட்டையில் வெட்டின துண்டைச் செக்கச் செவேலென்று காய்ச்சி, வடிவத்துக்கு அடித்து, மறுபடியும் காய்ச்ச வேண்டும். 800 டிகிரி பக்கம் போய்விட்டால் காந்தம் ஒட்டாது, பதத்துக்கு அது ஒரு அடையாளம். வாயை மட்டும் தண்ணீரில் முக்கினால் எஃகு கண்ணாடி போல இறுகிவிடும். அப்படியே விட்டால் முதல் வெட்டிலேயே வாய் சில்லுச் சில்லாகப் போகும். அதனால் வாயை உரசி வெளுக்க வைத்து, முதுகில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல இறங்கி வருவதைப் பார்த்திருக்க வேண்டும். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று 230 டிகிரிக்கும் 300 டிகிரிக்கும் நடுவில் இத்தனை நிறமும் ஓடிவிடும். கத்திக்கு மஞ்சளில் நிறுத்த வேண்டும், அடி தாங்க வேண்டிய கோடாலிக்கு ஊதா வரைக்கும் விடலாம். துவைச்சல் என்பது இந்த வேலைதான். காய்ச்சலின் சிவப்பைப் பார்க்க நிழல் வேண்டும், துவைச்சலின் நிறத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். உலை உள்ளேயும் தண்ணீர்த் தொட்டி வாசல் பக்கமும் இருப்பது அதனால்தான்.

உலைக்குப் போடுவது சீமைக்கருவைக் கரி. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னது. கண்மாய்களின் கதியைப் பார்த்தவர்களுக்கு அந்த நியாயம் புரியும். ஆனாலும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் சீமையில் நிறைய. பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தில் ஆயுதங்களை ஒளித்து வைத்த வன்னியையும் இந்தச் சீமைக்கருவையையும் தாவர நூல்கள் நெடுங்காலம் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தன. விஜயதசமி அன்று கரி அள்ளிப் போடும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

எங்கள் ஊரில் முஸ்லிம் மக்கள் அதிகம். பக்ரீத்துக்கு முந்தின வாரம் கத்தி சாணை பிடிக்கக் கூட்டம் நிற்கும். எங்கள் பூசை நாளையும் அவர்கள் மறப்பதில்லை. கறிக்கடை பாய் ஒருவர் முந்தின நாளே வந்துவிடுவார். “ஆசாரியாரே, நாளைக்கு நீங்க தொடமாட்டீங்க. இன்னைக்கே பாத்துக் குடுத்துருங்க.” “வச்சுட்டுப் போங்க பாய், மக்ரிபுக்குள்ள முடிச்சிருவேன்.” எலும்பு வெட்டுகிற கத்தியும் தோல் உரிக்கிற கத்தியும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனித் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். பொட்டு ஏறாத அந்தக் கத்திகளுக்குக் கிடைக்கிற மரியாதை, பொட்டு வைத்த பல கருவிகளுக்குக் கிடைப்பதில்லை.

பக்கத்து மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவாளின் பெயர் சினிமா வழியாக வெட்டுக் குத்துக்கு ஆகிவிட்டது. 2021-இல் காவல்துறை, வாங்குகிறவர் விவரத்தை எழுதி வைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் சொன்னது. எனக்கு அதில் வருத்தமில்லை. வேலி கழிக்க, ஓலை சீவ, விறகு வெட்ட எவ்வளவு நீளம் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் அடிப்பதில்லை. சாமி முன்னால் வைக்கக் கூசுகிற எதையும் என் பட்டடையில் வைக்க மாட்டேன்.

எந்தத் தொழில் செய்கிறவர்களானாலும் ஒரு வேண்டுகோள். பஸ்ஸுக்கு மாலை போடுகிறவர் முந்தின நாள் பிரேக்கைப் பாருங்கள், தறிக்குப் பொட்டு வைக்கிறவர் தேய்ந்த பாகத்தை மாற்றுங்கள். எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் காம்பு ஆடுகிறதா, பூண் கழன்றிருக்கிறதா, வாய் பல்லுப் போயிருக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டு, பூசைக்குப் பத்து நாள் முந்தியே கொண்டுவாருங்கள். கடைசி நாள் சாயங்காலம் சாக்கோடு கொண்டுவந்து கொட்டினால் சாணை மட்டும்தான் பிடிக்க முடியும், துவைச்சல் கொடுக்க நேரமிருக்காது.