நான் எறிந்த மாத்திரைகள்

சென்ற மார்கழியில், தேர்வுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில், நான் ஒரு நற்செயல் புரிந்தேன். அந்த நற்செயலால் என் அறைத்தோழன் உயிரிழக்க இருந்தான்.

அவனுக்கு உறக்கம் வருவதில்லை. ஊரில் ஒரு மருத்துவர், சில நாட்களுக்கு மட்டும் என்று சொல்லி, அல்ப்ரசோலம் என்னும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். சில நாட்கள் எட்டு மாதங்களாயின. அரை மாத்திரை இரண்டாகி, பின்பு நான்காயிற்று. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பொருள் அது. ஆயினும் கேட்டால் கொடுக்கும் கடையொன்று இங்கே அவனுக்கு வாய்த்திருந்தது. ஒருநாள், "இது இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லையடா" என்று கண் கலங்கினான். ஒரு பொட்டு மாத்திரைக்கு ஒருவன் அடிமையாவதா என்று எனக்குச் சினம் மூண்டது. மனவுறுதி, வைராக்கியம் என்று சொற்பொழிவே நிகழ்த்தினேன். சங்கத்தின் பேச்சுப் போட்டியில் பரிசு பெற்றவன் அல்லவா! முடிவில், எஞ்சியிருந்த மாத்திரைகளை ஜன்னல் வழியே வீசி எறிந்தேன். அவனும் கைதட்டினான்.

மறுநாள் அவன் கை நடுங்கியது. வடநாட்டுக் குளிரில் அவனுக்கு வியர்த்தது! "விஷம் இறங்குகிறது" என்று விளக்கம் சொன்னேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஓர் ஓலம் கேட்டு விழித்தேன். அவன் தரையில் கிடந்தான். உடல் வில்லாக விறைத்து, பின் வெட்டி வெட்டி இழுத்தது. ஓடி வந்தவர்களுள் நம்மவர் ஒருவர் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். வடநாட்டு நண்பர் ஒருவர் செருப்பை மூக்கருகே பிடித்தார். இன்னொருவர் பல்லிடுக்கில் கரண்டியைச் செருகப் போனார். கீழ்த்தளத்து மருத்துவ மாணவர் எல்லோரையும் விலக்கினார். வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று அதட்டி, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் கடந்தால் பேராபத்தாம். மூன்றாம் நிமிடத்தில் நின்றது.

மருத்துவமனையில் அவன் நரம்பில் ஏற்றிய மருந்து எது தெரியுமா? லோரசிபாம், நான் எறிந்த மாத்திரைக்கு உடன்பிறப்பு! நான் திகைத்து நிற்பதைக் கண்ட மருத்துவர், ஒரு சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்தார்.

மூளையில் நரம்பணுக்களைத் தூண்டுவது குளூட்டமேட், அடக்குவது காபா. காபா தன் ஏற்பியில் அமர்ந்ததும் ஒரு வாயில் திறக்கும், குளோரைடு அயனிகள் உட்புகும், நரம்பணு அமைதியுறும். அல்ப்ரசோலம் அவ்வாயிலை அடிக்கடி திறக்கச் செய்கிறது. பழைய பினோபார்பிட்டோன் வகையோ, திறந்த வாயிலை நெடுநேரம் மூடவிடாது. மது இருபுறமும் வேலை செய்கிறது: காபாவுக்குத் துணை நிற்கிறது, குளூட்டமேட்டின் வாயையும் அடைக்கிறது. மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடுவது இதனால்தான்.

ஆனால் மூளை வாளாவிருப்பதில்லை. நாள்தோறும் வெளியிலிருந்து அடக்கினால், காபா ஏற்பிகளை மந்தமாக்கிக் கொள்கிறது. குளூட்டமேட்டின் பக்கத்தை வலுவாக்கிக் கொள்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் சட்டென்று கைவிட்டால் மறுபக்கத்தார் என்ன ஆகிறார்கள்? நான் கைவிடச் செய்தது அந்தக் கயிற்றைத்தான்.

1955ஆம் ஆண்டில் இஸ்பெல் என்பாரும் உடனிருந்தோரும், அமெரிக்காவின் லெக்சிங்டனில் இதை மனிதரிடமே சோதித்து வெளியிட்டனர். கைதிகளுக்கு நல்லுணவும் வாரக்கணக்கில் மதுவும் கொடுத்துத் திடீரென நிறுத்தினர். நீண்ட நாள் குடித்தவர்களுள் சிலருக்கு வலிப்பும் சித்தக்கலக்கமும் கண்டன. ஆகவே, சத்துக்குறைவு அதற்குக் காரணமன்று. இன்று அத்தகைய சோதனையை எவரும் அனுமதியார்.

மது விட்டவருக்குப் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது கேரளத்தில் மதுக்கடைகள் மூடப்பட்டன. மருத்துவர் சீட்டுக்கு மது வழங்கலாம் என்று அரசு ஆணையிட்டது. ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. பள்ளி மாணவனாக அச்செய்தியைப் படித்து வயிறு குலுங்க நகைத்தேன். அவ்வாணை சரியென்று இன்றும் சொல்லேன். முறையான மருந்து இருக்கிறதே! ஆனால் இப்போது நகைக்க முடியவில்லை.

என் தோழன் தேர்வை இழந்தான். என்னை ஒருமுறைகூடக் கடிந்துகொள்ளவில்லை; அதுதான் பொறுக்க முடியாதிருந்தது. மருத்துவர் அவனுக்கு, உடலில் நெடுநேரம் தங்கும் டயஸிபாம் கொடுத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைக்கச் சொன்னார். அட்டவணை எங்கள் சுவரில் தொங்குகிறது. பிளேடால் மாத்திரையைப் பாதியாகவும் காலாகவும் வெட்டுவது என் வேலை. நேற்று இரவு பிளேடை எடுத்தபோது, படுக்கையிலிருந்து அவன் குரல் வந்தது:

"முதலில் அந்த ஜன்னலைச் சாத்தடா!"