இருபத்தேழு ஜாம் போத்தல்

தைப்பொங்கலுக்கு முதல் புது அலுமாரி ஒண்டு வாங்குவம் எண்டு நாங்கள் கடைக்குப் போய் விலையும் கேட்டாச்சு. பிறகுதான், வீட்டில் இருக்கிற ரெண்டுக்குள்ளயும் என்ன கிடக்குது எண்டு பார்த்தம்.

ஐஸ்கிரீம் டப்பாக்கள், நின்றுபோன மணிக்கூடு, கிழிந்த சேலைகள், மூடியோடு கழுவி அடுக்கிய 27 ஜாம் போத்தல்கள்.

"எறிவம் அம்மா."

"எறியாதையுங்கோ, கிடக்கட்டும்."

எங்களுக்குச் சரியான சினம். யூடியூப்பில் மினிமலிசம் படித்த பிள்ளைகள் அல்லவா!

அம்மா ஓ.எல். படித்த காலம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டு, திரி வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் படித்தவ. 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள்ள நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போகேக்க, சைக்கிள் கொள்ளுமளவுதான் சாமான். அடுத்த வருசம் திரும்பி வந்தால் வீட்டில் கதவுகூட இல்லையாம்.

இதைச் சொல்லிச் சொல்லி அம்மாவே தரம் பிரிச்சா. டப்பாக்களும் மணிக்கூடும் போச்சு. சேலைகள் கால்மிதியாச்சு. மூன்று போத்தலை மட்டும் வைச்சம். ஒரு அலுமாரி முழுக்கக் காலி. அதை நகர்த்தினால் பின்னால் ஒரு ஜன்னல்! கடைக்காரருக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டம்.

போன கிழமை பார்த்தால், தட்டில் நாலாவது போத்தல், கழுவிக் கவிழ்த்தபடி.