இடிப்பதற்கு முன் ஒரு நகல்

வீட்டுக் கணினியில் திரை உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். விசைப்பலகை போனால் புதிது வாங்கலாம். இறந்துபோன தாத்தா பேசிய வீடியோ எந்தக் கடையிலும் கிடைக்காது. கணினி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, கோப்புகளுக்கு நகல் எடுத்து வைப்பதைத்தான்.

அந்த வேலையை முறையாகச் செய்து காட்டிய ஊர், அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி. அங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவரை இடிக்கும் முன் அதிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். நிலக்கொடை, பொன், விளக்கெரிக்க விட்ட ஆடுகள் எனக் கோயில்களின் சொத்துரிமைக்கு அக்காலத்தில் கல்வெட்டே ஆதாரம். அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026இல், புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். படியெடுத்தது இடிப்பதற்கு முன் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

கணினியில் அந்த இடிப்புக்கு ‘ஃபார்மேட்’ என்று பெயர். சர்வீஸ் கடைக்காரர் “சி டிரைவ்ல ஏதாச்சும் வேணுமா?” என்று கேட்பார். பலரும் யோசிக்காமல் “ஒண்ணும் இல்லண்ணே” என்று சொல்லிவிடுகிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கின்றன. கண்ணெதிரே தெரிவதாலேயே டெஸ்க்டாப்பில் உள்ளது பத்திரமாக இருப்பதாகத் தோன்றும். முதலில் அழிவது அதுதான். கணினியைக் கடையில் கொடுக்கும் முன்பே இந்த மூன்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட வேண்டும். கணினி இயங்கவே இல்லை என்றாலும் உடனே கைவிட வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க் பழுதாகாமல் இருந்தால், அதைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வேறொரு கணினியில் படிக்கலாம்.

டி டிரைவில் போட்டு வைப்பது நகல் ஆகாது. பல வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். பென் டிரைவ் எடுத்துச் செல்ல உதவும், ஆண்டுக்கணக்கில் நம்பி வைக்க உதவாது. தனி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கே வீட்டுக்கு ஏற்றது. நகலெடுத்த பின் அதைக் கழற்றி வைப்பது மிக அவசியம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள், கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

கூகுள் கணக்கில் 15 ஜிபி இடம் இலவசம். முக்கியமான படங்களை அங்கே இன்னொரு பிரதியாக வைக்கலாம். ஆனால் ஒத்திசைவில் இருக்கும் கோப்பைக் கைப்பேசியில் அழித்தால் இணையத்திலும் அழியும். ஆகவே அதை மட்டும் நம்பக் கூடாது.

நகலைத் திறந்து பார்க்கும் பழக்கமும் வேண்டும். டிஸ்க்கில் பெயர் தெரிகிறது என்பதால் படம் திறக்கும் என்று சொல்ல முடியாது. தமிழ்க் கோப்புகளில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி எடுத்து, மூலக் கோப்பையும் எழுத்துருவையும் அதே கோப்புறையில் சேர்த்து வைக்க வேண்டும்.