ஒரு கதிரை, இரண்டு பேர்

2024 மே மாதம், கெய்ட்லின் கிளார்க்கின் முதல் டபிள்யூ.என்.பி.ஏ. ஆட்டத்தைப் பார்க்க விடிய ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழும்பினோம். ஹொஸ்டல் அறை, ஐந்து பேர், ஒரு ஃபோன். கிளார்க் 20 புள்ளிகள் எடுத்தார். 10 தரம் பந்தைப் பறிகொடுத்தார். அவருடைய அணியான இண்டியானா ஃபீவர் தோற்றது. "முதல் நாள்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு லெக்சருக்குப் போனோம்.

அடுத்த மாதம்தான் சண்டை. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான அமெரிக்க அணியில் கிளார்க் இல்லை. 42 வயதான டயானா டோராசி இருந்தார். "பென்ஷன் எடுக்கிற வயசில இவவுக்கு என்னத்துக்கு இந்தக் கதிரை?" என்று ஒருத்தி கேட்க, மற்ற நாலு பேரும் ஓம் போட்டோம். உண்மையைச் சொன்னால், அந்தக் கோபம் முழுக்க டோராசி மேலே இல்லை. முதலாம் வருடக்காரரான எங்களில் ஒருத்தரையும் பீடத்தின் விவாத அணியில் எடுக்கவில்லை. எங்களுக்கு ஒரு வருடம் மூத்த அக்கா ஒருவருக்குத்தான் இடம் போனது. ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

சீசன் முடிந்ததும் கணக்கோடு உட்கார்ந்தோம். கிளார்க் ஆட்டத்துக்குச் சராசரி 19.2 புள்ளிகள், டோராசி 14.9. அதைவிட, சக வீராங்கனைகள் புள்ளி எடுக்கக் கிளார்க் கொடுத்த அசிஸ்ட் 337. அதுவரை லீக் வரலாற்றில் ஒரு சீசனில் அவ்வளவு யாரும் கொடுத்திருக்கவில்லை. வென்றுவிட்டோம் என்று துள்ளினோம். ஆனால் அதே சீசனில் அவர் 223 தரம் பந்தைப் பறிகொடுத்திருந்தார். அதுவும் சாதனைதான்! பந்து முழுநேரமும் ஒருத்தரின் கையில் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும். முந்தின வருடம் 40 ஆட்டங்களில் 13இல் மட்டும் வென்ற ஃபீவர் இம்முறை 20இல் வென்றது. சரி பாதி.

பிறகு ஒருத்தி 2004ஐத் தேடினாள், டோராசியின் முதல் சீசனை. சராசரி 17 புள்ளிகள். அவர் வருவதற்கு முதல் வருடம் ஃபீனிக்ஸ் மெர்குரி 34 ஆட்டங்களில் 8இல் வென்றிருந்தது. அவர் வந்த வருடம் 17. அதுவும் சரி பாதி! இருவரும் அந்தந்த வருடத்தின் முதல் தெரிவு, இருவரும் சிறந்த புதுமுகம். இருபது வருட இடைவெளியில் ஒரே கதை.

இன்னொன்றும் அகப்பட்டது. அதே 2004இல், ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்கு 22 வயதுப் புதுமுகமான டோராசிக்கு இடம் கொடுத்திருந்தார்கள். "பாத்தியா, அவவுக்கு அண்டைக்குக் குடுத்தவையெல்லோ!" என்று சண்டை திரும்பவும் தொடங்கியது.

ஆனாலும் 14.9 என்ற எண் எங்களுக்கு முந்தி மாதிரித் தெரியவில்லை. அது அவருடைய இருபதாவது சீசன். 10,000 புள்ளிகளைத் தாண்டிய முதல் ஆள் அவர். 2015இல் டபிள்யூ.என்.பி.ஏ.யில் விளையாடாமல் ஓய்வெடுக்கும்படி ரஷ்யக் கழகம் ஒன்று அவருக்குக் காசு கொடுத்தது. சொந்த நாட்டு லீக்கில் கிடைத்த சம்பளம் அதன் பக்கத்திலும் நிற்காது. லீக் முழுவதற்கும் தனி விமானப் பயணம் வந்ததே 2024இல்தான். கிளார்க்குக்கு அது முதல் வருடம், டோராசிக்குக் கடைசி வருடம். சராசரிக்குள் இதையெல்லாம் எங்கே எழுதுவது?

இப்போது நாங்கள் மூன்றாம் வருடம். விவாத அணியைத் தெரிவு செய்கிற பொறுப்பு எங்களிடம் வந்திருக்கிறது. ஒரு இடம் மிச்சம். அண்டைக்கு நாங்கள் கோபப்பட்ட அதே அக்காவும், முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தியும். தங்கச்சியின் பேச்சு நெருப்பு. ஆனால் வேகத்தில் வாதத்தைத் தவறவிடுவாள். அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஆனால் எங்களுக்குக் குறிப்பு எடுக்கப் பழக்கினது அவதான்.

வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கவேணும். இன்னும் முடிவில்லை. இந்தமுறை ஒருத்தரும் "பென்ஷன்" என்று சொல்லேல்லை. ஒன்று மட்டும் முடிவெடுத்திருக்கிறம்: வெளியே நிற்கப்போறவ ஆராயிருந்தாலும், காரணத்தை நாங்களே நேரில போய்ச் சொல்லுறது.