மில்லிமீட்டர் வேண்டாம்

மார்ச் 17, 2020

கொரோனாவால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டார்கள், மாத இறுதிவரை கல்லூரி கிடையாது. பி.ஆர்க். ஐந்தாம் ஆண்டு. பாதி ஒட்டிய தீசிஸ் மாடலை மேஜையிலேயே விட்டுவிட்டு, லேப்டாப்போடு மயிலாடுதுறைக்கு ரயிலேறினாள்.

மார்ச் 25

நாடே மூடிக்கிடக்கிறது. மாடலில் தூசு படியுமே என்பதுதான் அவள் கவலை.

ஏப்ரல் 4

கல்லூரி மூடிய அதே நாளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தோழன் அனுப்பினான். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் தன்னை ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொள்ளத்தான் கூடாது. கட்டடம் வடிவமைக்கத் தடையில்லை. நாட்டா நுழைவுத் தேர்வு, தூங்காத ராத்திரிகள் எல்லாம் ஒரு பெயர்ப்பலகைக்குத்தானா? வாட்ஸ்ஆப் குழுவில் விடியவிடியச் சண்டை.

சித்தப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. “நம்மூர்ல பிளான் போடறது இன்ஜினியர், கட்டறது மேஸ்திரி. நடுவுல நீ எங்கம்மா வர்ற?”

பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள்.

ஏப்ரல் 19

‘இன் விச் ஆனி கிவ்ஸ் இட் தோஸ் ஒன்ஸ்’ பார்த்தாள். அருந்ததி ராய் எழுதி நடித்த 1989ஆம் ஆண்டுப் படம்; தீசிஸ் முடிக்கத் திண்டாடும் கட்டடக்கலை மாணவர்களின் கதை. ராயும் டெல்லியில் கட்டடக்கலை படித்தவர்தான். 1997இல் புக்கர் வாங்கித் தந்ததோ நாவல். சினிமா அரங்கு, நகரத் திட்டமிடல், பழைய கட்டடப் பராமரிப்பு என்று இந்தப் படிப்பு ஆட்களை எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது. ஆறுதல்தான், கொஞ்சம் எரிச்சலூட்டும் ஆறுதல்.

மே 11

கோடை மழையில் பாட்டி வீட்டுக் கூடம் ஒழுகியது. பூச்சு உதிர்ந்த இடத்தில் மெட்ராஸ் டெரஸ் தெரிந்தது: தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்கள், குத்துவாட்டில், கோணலாக வரிசைகட்டி.

“இதுக்கு முட்டு எப்படிக் குடுப்பாங்க மேஸ்திரி?”

“முட்டே கிடையாது பாப்பா. மூலைல ஆரம்பிச்சு, ஒண்ணோட ஒண்ணைச் சுண்ணாம்புல ஒட்டிக்கிட்டே வரணும்.” அடுத்த மூச்சிலேயே, “இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுருவோம்” என்றார்.

அளவெடுக்க ஒருநாள் அவகாசம் கேட்டாள். டேப்பின் மறுமுனையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். இதற்கு மார்க் கிடையாது. நள்ளிரவு தாண்டியும் வரைந்தாள்.

மே 13

இடிப்பதா, பழுதுபார்ப்பதா? வீட்டில் ஒரே வாக்குவாதம். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளுக்கு எங்கே போவது என்கிறார் மேஸ்திரி. நியாயமான கேள்வி.

ஜூலை 2

ஜூமில் தீசிஸ் ஜூரி. பாதி நேரம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை.

ஜூலை 20

வேலை கேட்டு எழுதிய எந்த ஆபீசிலிருந்தும் பதில் இல்லை. மேஸ்திரி மட்டும் கூடத்து வரைபடத்தைக் கேட்டிருக்கிறார். மில்லிமீட்டர் வேண்டாமாம், அடிக்கணக்கில் போட்டு அனுப்பணுமாம்.