அடைப்பதும் திறப்பதும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்க்காலம் என்றனர். அக்காலத்து வாடைக்கு மனைகள் எங்ஙனம் ஆயத்தமாயின என்பதைப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டுகிறார். வேனிலில் வீசிய விசிறிகள் சுருக்கப்பெற்றுச் சிலந்தி நூல் படியத் தொங்குகின்றன. தென்றலுக்குத் திறந்திருந்த சாளரங்கள் தாழிடப்பட்டுள்ளன. குளிர்நீரைப் பருகுவார் இல்லை. அகன்ற வாயையுடைய தடவில் இட்ட நெருப்பினால் மக்கள் குளிர்காய்கின்றனர். வகுப்பறையில் பல்லாண்டுகள் நான் விளக்கியுரைத்த அக்காட்சி கண்முன்னே மீண்டும் எழுந்தது, கனடா நாட்டின் டொராண்டோ மாநகரில் என் மகள் குளிர்காலத்தை எதிர்கொள்ளத் தன் இல்லத்தை ஆயத்தம் செய்ததைக் கண்டபோதுதான்.

2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மகளின் தலைப்பேற்றை முன்னிட்டு நானும் என் துணைவியாரும் அங்குச் சென்றிருந்தோம். பேரன் பிறந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. தெருவெங்கும் மேப்பிள் மரங்கள் செம்மையும் பொன்மையும் பூண்டு நின்றன. அவ்வழகில் நான் மெய்ம்மறந்திருக்க, மருமகனோ சமையலறைச் சுவரில் ஒரு பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தார். "நிலம் உறைவதற்குள் இத்தனையும் முடிந்தாக வேண்டும், மாமா. பிறகு ஏணியில் ஏறவும் இயலாது, மண்ணைத் தோண்டவும் இயலாது" என்றார். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சனவரி நள்ளிரவில் வெப்பம் நின்றுபோனால் என்னாகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்கு விளங்கிற்று.

முதற்பணி கூரையில் தொடங்கிற்று. கூரை விளிம்பில் மழைநீரை ஏந்திச் செல்லும் தகரத் தூம்புகளில் உதிர்ந்த இலைகள் செறிந்து கிடந்தன. அவற்றை வாரியெடுக்காவிடில் தூம்பில் தேங்கும் நீர் உறைந்து, அதன் பாரம் தூம்பையே பெயர்த்துவிடும். இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. வீட்டினுள் மூட்டிய வெப்பம் பரண்வழிக் கசிந்து கூரையின் மேற்பகுதியைச் சூடாக்கும். அங்குள்ள பனி உருகி வழிந்து, குளிர்ந்த விளிம்பை அடைந்ததும் மீண்டும் உறையும். நாளடைவில் பனிக்கட்டியாலான ஓர் அணை அவ்விளிம்பில் எழும். அதன் பின்னே தேங்கும் நீர் போக்கிடமின்றிக் கூரைத் தகடுகளின் அடியிற் புகுந்து சுவரை நனைக்கும். ஆதலின் பரணின் தளத்தில் வெப்பம் கசியும் இடுக்குகளை அடைக்க வேண்டும். அப்பரணில் வெளிக்காற்று உலவுதற்கு அமைந்த துளைகளையோ திறந்து வைக்க வேண்டும்.

அடுத்துத் தோட்டத்துக் குழாய். அடித்தளத்தில் அக்குழாய்க்கு நீர் செல்லும் அடைப்பானை மூடிய மருமகன், வெளிக்குழாயை மட்டும் திறந்தே விட்டார். காரணம் வினவினேன். "உள்ளே எஞ்சிய தண்ணீர் வடிந்துவிட வேண்டும், மாமா. தங்கினால் உறையும், உறைந்தால் குழாயைப் பிளக்கும்" என்றார். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. அப்பெருக்கத்தை மூடிய உலோகக் குழாயும் தாங்காது. உறைந்திருக்கும் வரை பிளவு புலப்படுவதில்லை. பனி உருகும் நாளில் வெள்ளம் வீட்டினுள் பாயும். ஆற்றில் நீர் வருமா என்று ஆண்டுதோறும் ஏங்கும் காவிரிப்படுகையில் பிறந்த எனக்கு, ஒரு குவளை நீரும் தங்கலாகாது என்று அஞ்சும் நாட்டைக் கண்டது புதுமையாக இருந்தது.

சாளரங்களைச் சோதிக்கும் பணியை என் துணைவியார் ஏற்றுக்கொண்டார். ஊரிலிருந்து கொண்டுசென்ற ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திச் சாளரச் சட்டங்களின் ஓரமாக மெல்ல நகர்த்தினார். புகை நேரே எழுந்த இடம் பழுதற்றது. அசைந்து வளைந்த இடத்தில் காற்று புகுகிறது. அவ்விடமெல்லாம் மருமகன் பசை பூசி அடைத்தார்.

வீட்டை இங்ஙனம் இறுக அடைத்தபின், அடைக்கவே கூடாத வழி ஒன்றை மகள் எனக்குக் காட்டினாள். எரிவாயுவால் இயங்கும் வெப்பமூட்டியின் புகையை வெளியேற்றும் குழாய் அது. "பனி கொட்டியதும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், அத்தா. வாசலைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றாள். அவ்வழி அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி வீட்டினுள் பரவும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் உறங்கியவாறே மடிவர். 2008-ஆம் ஆண்டு திசம்பரில், அதே ஒண்டாரியோ மாகாணத்து உட்ஸ்டாக் நகரில், கணப்பின் புகைபோக்கி அடைபட்டமையால் தாய், தந்தை, இரு குழந்தைகள் என ஒரு குடும்பமே மாண்டது. அத்துயரின் விளைவாக 2013-இல் அம்மாகாணம் ஒரு சட்டம் இயற்றிற்று. எரிபொருள் பயன்படுத்தும் வீடுகளில் இந்நச்சுவளியை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. நவம்பர்த் திங்களின் முதல் ஞாயிறன்று அம்மாகாணத்தார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கி வைப்பர். அன்றே அக்கருவியின் மின்கலத்தையும் மாற்றுவது பலர்க்கு வழக்கம். என் மகளும் பேரனைத் தோளிற் சாய்த்தவாறே அதனைச் செய்தாள்.

அச்சட்டம் பிறந்த அதே ஆண்டின் திசம்பரில் உறைமழை ஒன்று டொராண்டோவைத் தாக்கிற்று. மின்கம்பிகள் பனிக்கட்டியின் பாரத்தால் அறுந்தன. ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அம்மாநகரில் செயலிழந்தன. குளிர் தாளாது, வெளியில் மூட்ட வேண்டிய கரியடுப்பை வீட்டினுள் மூட்டிய சிலர் நச்சுவளிக்கு ஆளாயினர். நக்கீரர் காட்டும் தடவு நெருப்பு, காற்று புகுந்து வெளியேறும் பழைய மனைக்கு உரியது. ஊசிமுனைக்கும் இடமின்றி அடைத்த இற்றை இல்லத்தில் அதே நெருப்பு எமனாகிவிடும்.

அவ்வுறைமழையைப் பற்றி என்னிடம் கூறியவர் அடுத்த வீட்டு மூதாட்டி. எண்பதைக் கடந்தவர், தனித்து வாழ்பவர். மின்சாரமற்ற இரண்டாம் இரவில் யாரோ ஒருவர் கதவைத் தட்டித் தம்மை அழைத்துச் சென்றதாகவும், அத்தட்டும் ஓசைதான் தம் வாழ்நாளில் கேட்ட இனிய ஓசை என்றும் அவர் கூறினார். அதன்பின் தம் வீட்டுச் சாவியொன்றை அண்டை வீட்டாரிடம் கொடுத்து வைப்பதை வழக்கமாக்கிக் கொண்டாராம். இன்று அச்சாவி என் மகளிடம் இருக்கிறது. தம் கூரைத் தூம்பைத் துப்புரவு செய்த கையோடு மருமகன் அம்மூதாட்டியின் தூம்பையும் துப்புரவு செய்தார். அவர் வீட்டுக் கருவிக்கும் மின்கலம் மாற்றினார். பட்டியலின் இறுதி வரியாக அது முன்னரே எழுதப்பட்டிருந்தது.

நம்மூரில் ஐப்பசி அடைமழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுகிறோம். சுவர் வெடிப்புகளைப் பூசுகிறோம். அஃது அடைக்கும் பணி. தெருவின் வடிகாலைத் தூர்வார்வது திறக்கும் பணி. முன்னதில் நாம் காட்டும் அக்கறையைப் பின்னதில் காட்டுகிறோமா? நம் வீட்டு ஓடு ஒழுகாதிருக்க, தெருக்கோடி வடிகால் அடைபட்டு எளியவர் குடிசையில் நீர் புகுமாயின், நம் ஆயத்தம் பாதியில் நின்றதாகவே பொருள்.

வாடையை அடைக்க வேண்டும். புகையை வெளிவிட வேண்டும். வெப்பத்தைக் காக்க வேண்டும். நீருக்கு வழிவிட வேண்டும். எதனை அடைப்பது, எதனைத் திறப்பது என்று தேர்ந்து செய்வதே மனைகாக்கும் கலை. அண்டை வீட்டார் வந்து தட்டக்கூடிய கதவு எந்தப் பருவத்திலும் திறக்கும் கதவாகவே இருத்தல் வேண்டும்.